ஒரே இனிஷியலில் தாத்தாவும் பேரனும்

அந்த அம்மா கணவரின் பெயரைச் சொல்லவில்லை. என் மேசைக்கு எதிரே நின்றபடி கையிலிருந்த செல்பேசியை என் பக்கம் திருப்பி, திரையிலிருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். தொட்டதும் பக்கம் நழுவி மேலே போனது. இழுத்து நிறுத்தி மறுபடியும் தொட்டார்.

"இவரு செத்துட்டாருன்னு போட்டு வெச்சிருக்கீங்க."

பார்த்தேன். எங்கள் நூலகத்தின் தளம்தான். பெயர், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. கீழே அவர் எழுதிய பாட்டுப் புத்தகங்கள் வரிசையாக.

"ஆமாம்மா, இவர் அந்தக் காலத்துப் பாட்டுக்காரர். உங்களுக்குச் சொந்தமா?"

"வூட்டுக்காரரு. காலைல நாலு இட்லி துன்னுட்டு தறியில உக்காந்துக்கினு இருக்காரு."

"பேர் ஒரு தடவை சொல்லுங்கம்மா, சரிபார்த்துக்கறேன்."

"அதான் காட்டினேனே."

ஐம்பதைத் தாண்டிய அம்மா. புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர்கள் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் இன்னும் இருக்கிறார்கள். நான் எழுந்து போய் நாற்காலி எடுத்துப் போட்டேன்.

என் வேலை என்னவென்று இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன நூலகம் அது. பெரிய புத்தகங்களைவிடக் குட்டிப் புத்தகங்கள்தான் அங்கே அதிகம்: ஊரிலேயே அச்சடித்த திருவிழாப் பாட்டுகள், கோயில் வரலாறுகள், கல்யாண வாழ்த்துப்பாக்கள். கணினிப் படிப்பை முடித்த கையோடு ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். இவற்றையெல்லாம் பட்டியல் போட்டுக் கொடு என்றுதான் சொன்னார்கள். நான் பட்டியல் வேண்டாம், லிங்க்ட் டேட்டாவாகச் செய்யலாம் என்று நூலகப் பொறுப்பாளர் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். நான் விளக்கியதை ஒரு வாரம் கேட்ட பிறகு, "சரி, செய். விளக்கறத மட்டும் நிறுத்திடு" என்றார்.

பட்டியலில் ஆசிரியர் என்ற கட்டத்துக்குள் ஒரு பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இதில் அப்படியில்லை. புத்தகம் ஒரு பொருள், எழுதியவர் ஓர் ஆள், அச்சகம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் தனித்தனியாக நிலையான முகவரி. எந்த இரண்டுக்கும் நடுவே ஓர் உறவு. ‘இந்தப் புத்தகம் — எழுதியவர் — இந்த ஆள்.’ ‘இந்த ஆள் — பிறந்த ஊர் — திருப்புட்குழி.’ எல்லாமே இப்படி மூன்று துண்டு வாக்கியங்கள்தான். ஒன்றின் வால் இன்னொன்றின் தலையாகும். பிடித்துக்கொண்டே போனால் திருப்புட்குழியில் பிறந்த எல்லாரும் எழுதிய எல்லாப் பாட்டும் வந்து நிற்கும். தாமலிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே தெரிவதையெல்லாம் மூன்று துண்டாக்கிக்கொண்டே வருவேன். ‘இந்த ஏரி — தண்ணீர் கொடுப்பது — இந்த வயல்.’ பித்துதான்.

ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரே ஆளின் பெயர் சிதறிக் கிடந்தது. அவற்றை ஒன்றுசேர்க்க ஒரு விதி எழுதினேன். பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, ஊர் ஒன்று, பாடின தெய்வமும் ஒன்று என்றால் ஆளும் ஒன்று. நல்ல விதி என்று அக்காவும் சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா அந்த விதியை ஐந்து நிமிடத்தில் உடைத்தார். "எங்க மாமனாரோட அப்பா பேரத்தான் இவருக்கு வெச்சாங்க. அவரும் பாட்டு கட்டுவாரு. அவருதான் செத்தவரு."

"இனிஷியலும் அதேதான் இருக்கு."

"இருக்காதா பின்னே?"

ஒரு தாளை எடுத்து அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். அந்த வீட்டில் தலைமகனுக்கு எப்போதும் தாத்தா பெயர். ஆக, இருப்பது இரண்டே பெயர்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மாறிமாறி வருகின்றன. இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்பா பெயரோ அந்த இன்னொரு பெயர். எனவே தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெயரும் ஒன்று, இனிஷியலும் ஒன்று. இருவரும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே அம்மனைப் பாடியவர்கள். என் விதிக்கு இதைவிடப் பொருத்தமான இரையே கிடையாது.

"எங்க மாமியாரு, தான் பெத்த பிள்ளையவே பேரச் சொல்லிக் கூப்ட்டது இல்ல. மாமனாரு பேராச்சே. ஒண்ணரை வயசுல இருந்து பெரியவரே, பெரியவரேன்னுதான் கூப்புடுவாங்களாம். பெரியவரு மண்ணு துன்றாரு, பெரியவர புடிங்கன்னு."

எனக்கு இது தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பதில்லை. என் தாத்தாவைப் பண்ணைக்காரர்கள் கூப்பிட்ட பெயரை எந்தப் பிள்ளைக்கும் யாரும் வைக்க மாட்டார்கள். அப்பா தேவாலயத்துக்குப் போய்ப் புதுப் பெயர் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு அதைவிடப் புதிதாகத் தேடி வைத்தார். எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் ஒரே ஒருமுறைதான் வரும். அந்த நினைப்பில்தான் நான் விதி எழுதியிருந்தேன்.

அன்றே இரண்டு ஆளாகப் பிரித்தேன். அப்போது இருந்த சுறுசுறுப்பை நினைத்தால் இப்போதும் நன்றாக இருக்கிறது. புத்தகங்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்தேன். தாத்தா இறந்தது பின்கோடு வருவதற்கு முன்பு. அச்சக முகவரியில் பின்கோடு இல்லாதவையெல்லாம் தாத்தா பக்கம். பேரனின் படம் போட்ட இரண்டு புத்தகம் பேரன் பக்கம். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அம்மன் ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்போது பாடும் பாட்டு, நாலே பக்கம். பின்கோடு இருந்தது, படம் இல்லை. பேரனே எழுதியதா, தாத்தாவின் பாட்டை மறுபடி அச்சடித்ததா?

அந்தப் பாட்டு எனக்கே தெரியும். பங்குனித் திருவிழாவில் பஜனைக் குழு பாடிக்கொண்டு வரும், தெருவே கூடச் சேர்ந்து பாடும்.

"இது யாரும்மா எழுதினது?"

"இவருதான். வேற யாரு?" தயக்கமே இல்லை. "சின்ன வயசுல, எனக்குக் கல்யாணமாகி வந்த புதுசுல. இவரு நெஞ்சிக்கினே பாடுவாரு, நான் இந்தாண்ட உக்காந்து கோர்வை போட்டுக்கினு இருப்பேன்."

பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் பிரியாமல் கோத்துக்கொண்டு போவதுதான் கோர்வை. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளினால்தான் நடக்கும்.

"அதுல ஒரு அடி வரும் பாரு. ‘தறியிலே தனியாக நெய்த பட்டு, தாயே நீ உடுத்திவரும் அழகைக் காட்டு.’ தனியா நெஞ்சாராம். அப்போ நான் இன்னா, தறிக்கு முட்டுக் கொடுத்துக்கினு இருந்தனா? அன்னிக்கே கேட்டேன். பாட்டுக்கு அப்படித்தான் வரும்னாரு."

இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று நினைத்தேன். ‘இந்தப் பாட்டு — எழுதியவர் — பேரன்.’ அந்த அம்மா கண்ணெதிரே மாற்றிச் சேமித்தேன். அவர் செல்பேசியில் திறந்து பார்த்தார். இறந்த ஆண்டு போயிருந்தது. தாலிச் சரட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை நூலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில், தோள்பக்கம் சிவப்புப் பட்டு இழை ஒன்று ஒட்டியிருந்தது.

"நேத்து வூட்டம்மா வந்துட்டுப் போச்சாமே," என்றார். "நாந்தான் அந்தச் செத்தவரு."

உள்ளே வந்து உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். "இதோ பாரு பாப்பா. என்னை உயிரோட வெச்சிக்கோ, வேணாம்னு சொல்லல. அந்தத் தெருமுனைப் பாட்ட மட்டும் திருப்பி எங்க தாத்தா பேர்லயே போட்டுடு."

"நீங்க எழுதலையா?"

"எழுதினது நாந்தான்."

"அப்புறம்?"

அவர் சொன்னது இது. பஜனைக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருக்கிறவர் கட்டிய பாட்டை ஊர்வலத்தில் பாட மாட்டார்கள். மண்டபத்தில் உட்கார்ந்து பாடலாம், அம்மனோடு தெருவில் வரும்போது கூடாது. அந்தத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் பாட்டு கட்டுகிறவர்கள். ஒரு காலத்தில் யார் பாட்டு முதலில் என்று ராஜ வீதியில் அம்மனை நிறுத்தி வைத்துவிட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து இந்த ஏற்பாடு. போனவர்களுக்குள் சண்டை வராது. இவருடைய நாலு பக்கப் புத்தகத்தை அந்தக் காலத்துத் தலைவர் எங்கோ பார்த்து, பெயரையும் இனிஷியலையும் பார்த்து, தாத்தா பாட்டு கிடைத்துவிட்டது என்று ஊர்வலத்தில் சேர்த்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"நான் போய் எடத்தப் புடிக்கல. அவங்களா பாடினாங்க. நம்ம தெருவுல திரும்பறப்போ மொத்தக் கூட்டமும் பாடுது பாரு, அந்த நேரத்துல நான் ஓரமா நின்னுக்கினு வாய மூடிக்கினு கேப்பேன். பாடக்கூட மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு கேக்கணும்."

இந்த ஆண்டு பஜனைக் குழு புதிதாகப் பாட்டுப் புத்தகம் அச்சடிக்கிறது, ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் குறிப்பை எங்கள் தளத்திலிருந்து எடுக்கிறது. அவருடைய மனைவியிடம் யாரோ காட்டிய பக்கமும் அப்படி வெளியே போனதுதான். புத்தகத்தில் பெயர் மாறப்போவதில்லை, இனிஷியலும் மாறப்போவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஆண்டு மட்டும்தான். இரண்டு ஆண்டு இருந்தால் பாட்டு தெருவில் போகும். ஒரே ஆண்டு இருந்தால் போகாது.

"ஐயா, பொய்யை எழுத முடியாது."

"நான் எங்க எழுதச் சொன்னேன்? அது பாட்டுக்கு இருந்ததுதானே, நீதான கலைச்சே."

"உங்க வீட்ல என்ன சொல்றாங்க?"

"அதுக்கு இன்னா? பாடலைன்னா போவுதுங்குது. இருக்கிற ஆள செத்தவர் கணக்குல வெச்சிக்கினு இன்னா பாட்டு வேண்டிக்கிடக்குதுன்னு ராவெல்லாம் ஒரே பேச்சு." எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "கொஞ்சம் பாரு பாப்பா. வர்ற வாரம் ஊர்வலம்."

அக்கா வந்ததும் கொட்டினேன். அவர் பையைக் கூட வைக்கவில்லை.

"தாத்தா மேல போடறது பொய், பேரன் மேல போட்டா அவர் பாட்டு போயிடும். நான் என்னக்கா செய்ய?"

"உன் முறையில ஆள் வேற, அட்டையில இருக்கிற பேர் வேறன்னு ஒரு வாரம் என் உயிர வாங்கினியே. பேர மட்டும் எழுத வழி இல்லையா?"

வழி இருந்தது. நானே ஏற்படுத்தியதுதான். ‘இந்தப் புத்தகம் — அட்டையில் உள்ள பெயர் — இன்னது.’ அது வெறும் எழுத்து; எந்த ஆளையும் நோக்கி அம்பு போகாது. எழுதியவர் என்ற உறவைக் காலியாக விட்டுவிடலாம்.

"ஆனா நமக்குத் தெரியுமே?"

"தெரிஞ்சதையெல்லாம் எழுதணும்னு எவன் சொன்னான்? செத்தவர் வந்து ஆமான்னு சொல்ல முடியாது, அதனால அவர் தலையில கட்டாத. உயிரோட இருக்கிறவர் வேணாங்கிறார், அவர் சரின்னு சொல்ற வரைக்கும் அவர் மேலயும் போடாத. அவ்ளோதான்."

அப்படியே செய்தேன். பொய்யில்லை. ஆனாலும் மூன்று துண்டு வாக்கியத்தில் மூன்றாவது துண்டு தெரிந்தும் எழுதாமல் விட்டது அரிப்பாகவே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் பஜனைக் குழுத் தலைவர் வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், விபூதி பட்டையாக, கண்ணாடி நெற்றியில். பாட்டுகளும் குறிப்புகளும் அச்சிட்ட தாள்கட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டியவர் ஒரு தாளில் நின்றார்.

"யம்மா, இதுக்கு மட்டும் வருஷம் போடலையே?"

"அட்டையில் இருந்த பேர் அதுங்க ஐயா. எந்த ஆள்னு எழுதல."

"அவங்க தாத்தாதானே?"

நான் தாளில் இருந்த பெயரை விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"எழுதலையா, தெரியலையா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சுற்றி வளைத்திருப்பேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் வேண்டும் என்று அக்காவிடம் மல்லுக்கு நின்று, தளத்தில் தனித்தனிக் குறியே வைத்தவள் நான். தெரியவில்லை என்பதற்குக் கேள்விக்குறி. எழுதவில்லை என்பதற்குக் காலி இடம். அவர் கையிலிருந்த தாளில் காலி இடம்தான் இருந்தது.

"எழுதல," என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபமெல்லாம் இல்லை. "தெரியலன்னா பாடிக்கினே போயிருப்போம்மா. அந்தக் காலத்து ஆளா இருக்கும்னு வெச்சிக்கலாம். எழுதலன்னா யாரோ வேணாங்கிறாங்க. செத்தவங்க வேணாம்னு சொல்ல மாட்டாங்க." அந்தத் தாளை மட்டும் உருவி மேசைமேல் வைத்துவிட்டு, மற்றதைத் தட்டி அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஊர்வலத்தன்று நான் போனேன். அந்தத் தெருமுனையில் அம்மன் திரும்பியபோது குழு வேறு பாட்டுப் பாடியது. நல்ல பாட்டுதான், ஆனால் கூட்டம் சேர்ந்து பாடவில்லை. எதிர் ஓரத்தில் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் அந்த அம்மா. அவர் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு பாடுகிறவர்களைப் பார்த்தார். ஜால்ரா போடுகிறவர் பழக்கத்தில் பழைய பாட்டின் தாளத்துக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அம்மன் போய்விட்டாள். நான் தாமல் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்; அவர்கள் பக்கம் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து இருவரும் சேர்ந்து நூலகத்துக்கு வந்தார்கள். அந்த அம்மா முன்னால், அவர் பின்னால். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"பாட்டு இனிமே எம்மேலேயே இருக்கட்டும். போட்டுக்கோ. ஆனா பழசு வேணாம், இதப் போடு."

அதே பாட்டு, பேனாவில் எழுதியது. எங்கே மாறியிருக்கிறது என்று தேடினேன். ஓர் அடியில்தான். ‘தறியிலே துணையோடு நெய்த பட்டு.’

"இத்தினி வருஷம் கை வைக்க முடியல. தாத்தா பாட்டுன்னு ஊரே பாடுது, நான் போய் ஒரு எழுத்த மாத்தினா, அதெப்படி மாத்துவேன்னு கேப்பானுங்க. இப்ப யாரு கேக்கப் போறாங்க?"

"இப்போதான் பாட்டுக்கு அப்படி வந்துதா?" என்றார் அந்த அம்மா, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

"தெருவுல பாட மாட்டாங்களே ஐயா," என்றேன்.

"நான் போனப்புறம் பாடட்டும். அப்போ வருஷம் போட்டுடு."

"வாயக் கழுவு," என்றார் அந்த அம்மா.

நான் கணினியைத் திருப்பி வைத்துக்கொண்டு அவர்கள் முன்னாலேயே உள்ளிட்டேன். பழைய பாட்டுக்கு ஒரு முகவரி, புதியதற்கு ஒன்று. ‘புதியது — திருத்தப்பட்டது — பழையதிலிருந்து.’ ‘இரண்டும் — எழுதியவர் — பேரன்.’ அவர் பிறந்த ஆண்டைச் சொன்னார். இறந்த ஆண்டுக் கட்டம் காலியாக இருந்தது. நிரப்பு என்று மென்பொருள் சிவப்பில் காட்டியது, அதை அணைத்தேன். அடுத்து, திருத்தம் சொன்னவர் என்று ஓர் உறவு வைக்க இடமிருந்தது.

"இந்த அடியை மாத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

அவரும் பெயர் சொல்லவில்லை. தாடையால் பக்கத்தில் காட்டினார்.

தன் பெயரை அந்த அம்மாவே தெளிவாகச் சொன்னார். தட்டச்சு செய்துவிட்டுக் கேட்டேன், "இனிஷியல் அப்பாவோடதாம்மா, இவரோடதா?"

"இனிஷியலே வேணாம். அதாலதான் இத்தினியும் ஆச்சு."

இனிஷியல் இல்லாமல் அந்தப் பெயரில் எங்கள் தரவில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதனால் ஒன்றுமில்லை. அவருக்கென்று புதிதாக ஒரு முகவரி கொடுத்தேன். பெயரை வைத்து ஆளைச் சேர்க்கும் விதியை அதற்கு முந்தைய வாரமே எடுத்துவிட்டிருந்தேன்.